ஏரி நீரும் லினக்ஸும்

சென்ற ஆடித் திங்களில் நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஒரு சிறு வழக்கு நிகழ்ந்தது. வழக்கு என்றவுடன் அன்பர்கள் அஞ்சற்க. கைகலப்பு யாதும் இல்லை, சொற்போரே. தாமலிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வரும் மாணவர் ஒருவர், நெசவுக் குடியிற் பிறந்தவர், தம் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவிக்கொண்டார். அவ்வழங்கலைக் காசின்றியும் தரவிறக்கலாம். விரும்பியதைக் கொடுத்தும் பெறலாம். நம் மாணவர் ஐந்நூறு ரூபாய் செலுத்திப் பெற்றார். இச்செய்தி வெளியானதும் உடன் பயில்வோர் நகைத்தனர். “சும்மா கிடைப்பதை விலைக்கு வாங்கிய வள்ளல்” என்று பட்டமும் சூட்டினர். அவருக்குப் பரிந்து பேச வந்த மற்றொருவரோ, “காசு கொடாமல் எடுத்த நீங்கள் அனைவரும் திருடர்” என்று ஒரே அடியாய்க் கூறிவிட்டார். பின்பு ஒரு கிழமை அக்கூடத்தில் அமைதி இல்லை.

நகைத்தவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. திருடர் என்றவர் கூற்றும் உடன்பாடன்று. வழக்கிற்குக் காரணமான மாணவர் சொல்லிய மறுமொழி ஒன்றே எம் நெஞ்சில் தைத்தது. “எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு தீர்ந்து மறு பாவு ஏற்றும்போது, இழையோடு இழை சேர்த்துப் பிணைப்பதற்கு ஆள் வருவார்கள். பட்டு எங்களுடையதன்று, ஜரிகையும் எங்களுடையதன்று, எல்லாம் முதலாளி கொடுத்தவை. ஆனாலும் இழை சேர்த்தவரைக் கூலி கொடாமல் அனுப்பினால் அப்பா அன்று சாப்பிடமாட்டார்” என்றார் அவர்.

கணினி கல்லாத பழைய மாணவர்கள் பொருட்டு ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஆக்கி வெளியிட்டது லினக்ஸின் கரு மட்டுமே. கருவைக் கொண்டு ஒருவரும் கடிதம் எழுத இயலாது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டத்தின் கருவிகளும், பிறர் ஆக்கிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களும் அக்கருவோடு சேரவேண்டும்; ஒன்று மற்றொன்றோடு முரணாதபடி பொருந்தவேண்டும்; பழுது கண்டவிடத்து உடனுக்குடன் திருத்தப்படவேண்டும். இங்ஙனம் சேர்த்தும் பொருத்தியும் திருத்தியும் நம் கையில் தருவதே ‘வழங்கல்’ எனப்படும். 1993இல் தோன்றிய டெபியனும், 2004இல் தோன்றிய உபுண்டுவும் இவ்வகையின. தாமல் மாணவர் இழை பிணைப்போரைச் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பது இப்போது புலனாகும். வழங்கல் செய்வோர் நூல் நூற்பவருமல்லர், நெய்பவருமல்லர், பிணைப்பவர். அவர் கைவேலை கண்ணுக்குத் தெரியாது. அஃது இல்லையேல் தறி ஓடாது.

இனி, ‘இலவசம்’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல்லாற் குறிப்பதால் அந்நாட்டார்க்கு ஓயாத குழப்பம். ஸ்டால்மன் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அச்சொல்லுக்குப் பொருள் விளக்குவதிலேயே கழித்தார் எனலாம். தமிழர்க்கு அவ்விடர்ப்பாடு இல்லை. நம்மிடம் ‘இலவச மென்பொருள்’ வேறு, ‘கட்டற்ற மென்பொருள்’ வேறு. இயக்கவும், உள்ளே புகுந்து கற்கவும், மாற்றவும், பிறர்க்குப் பகிரவும் தடையின்மையே கட்டறுதல். அதற்கும் விலைக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஸ்டால்மன் தாமே 1985ஆம் ஆண்டில் தம் ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவிற் பதித்து, நாடா ஒன்றுக்கு 150 டாலர் விலை வைத்து விற்றார். வாங்கியவர் அதனைப் படியெடுத்து நூறு பேர்க்கு வாரி வழங்கவும் உரிமை கொடுத்தார். விற்றதனால் கட்டு விழவில்லை. காசின்றிக் கொடுத்ததனால் கட்டு அவிழ்வதுமில்லை. இவ்வளவு நல்ல இரு சொற்களை வைத்துக்கொண்டு நம் மாணவர்கள் ‘ஃபிரீ, ஃபிரீ’ என்று கூவுவது எமக்குச் சிறிது வருத்தமே.

ஆதலின் காசின்றி இறக்கிக்கொள்பவரைத் திருடர் என்பது அறியாமை. உரிமையாளர் தாமே உரிமம் எழுதி, எடுத்துக்கொள்க என்று கதவைத் திறந்து வைத்துள்ளார். அவ்வழிப் புகுந்தவரைக் கன்னம் வைத்தவர் என்று சொல்லலாகாது. 2015ஆம் ஆண்டில் எலிமென்டரி ஓஎஸ் என்னும் வழங்கலை ஆக்குவோர் இத்தவற்றைச் செய்தனர். விருப்பமான தொகை கொடுத்து எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். எடுத்தவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்காலுக்கும் மேற்பட்டோர் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அவர்களே அறிவித்தனர். மனம் நொந்து, சுழியம் என்று குறித்துவிட்டு எடுப்போர் ஏய்ப்போர் என்னும் பொருள்பட எழுதினர். உலகெங்குமிருந்து கண்டனம் எழுந்தது; அது நியாயமே. ஆயினும் அவர்கள் நோவு பொய்யன்று. இருபது லட்சம் முறைக்குமேல் இறக்கப்பட்ட ஒரு பொருளை ஆக்குவோர், மாத வாடகைக்கு வழி தேடுவது வேடிக்கையான காட்சியன்று.

நிற்க. தாமலுக்குத் திரும்புவோம். காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்து, வராகீசுவரர் கோயிலும் பேரேரியும் உடைய அவ்வூரை நம்மவர் பலரும் அறிவர். அவ்வேரி நீருக்கு விலை உண்டா? வயலுக்குப் பாய்கின்றது, ஆடு மாடு குடிக்கின்றது, அயலூரான் முகம் கழுவிப் போகின்றான். எவரும் பணம் கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும். ஆனால் நீருக்கு விலையில்லை என்பதனால் கரைக்கும் செலவில்லை என்று நம் முன்னோர் மயங்கவில்லை. கரை கட்டவும், தூர் வாரவும், மடை திருத்தவும் குடிகள் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பினர். இதுவே குடிமராமத்து. இதே காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெறும் வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்றையும் கூறுகின்றன. ஏரியைப் பேணுதற்கென்றே ஆட்டைதோறும் பெருமக்களைத் தெரிந்தெடுத்த நாடு இது. பிற்காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே இயற்ற நேர்ந்தது. கட்டாயத்தால் கரை நின்றதாக யாம் கருதவில்லை. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில், மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பாசனம் பெறுவோர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று விதித்தனர். இப்பத்தில் ஒன்றை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டும்.

லினக்ஸிற்குக் கொடுக்கும் காசு நீருக்கு விலையன்று, கரைக்கு மராமத்து என்பதே எம் கருத்து.

கரை பேணாவிடில் யாது நேரும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு சான்று கண்டோம். எக்ஸ்-இஸட் என்பது தரவுகளைச் சுருக்கிவைக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் அஃது உண்டு; அதன் பெயரை அறிந்தார் மிகச் சிலர். அதனைப் பல்லாண்டுகளாகப் பேணிவந்தவர் ஒரே ஒருவர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். அவர் களைத்துச் சோர்ந்திருந்த காலத்தில், புனைபெயர் பூண்ட ஒருவர் உதவ வந்தார்போல் வந்து, இரண்டாண்டுக்கு மேல் நல்லவராய் நடித்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பிற் பங்கும் பெற்று, அம்மென்பொருளினுள் ஒரு கள்ளவாயிலைப் பொருத்திவிட்டார். திருத்தங்கள் விரைவில் வரவில்லை என்று அப்பேணுநரை வைதோரும், பொறுப்பைப் பிறர்க்கு விடுக என்று நெருக்கியோரும் இருந்தனர். அவர்களுட் சிலர் அவ்வஞ்சகரின் கூட்டாளிகளே என்று ஐயுறப்படுகின்றது. டெபியன், பெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகள் வரை அந்நஞ்சு பரவியது. ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைக்கணினியினுள் நுழைய அரை நொடி கூடுதலாகின்றதே என்று ஐயுற்றுத் துருவி ஆராய்ந்திராவிடில், உலகின் எண்ணற்ற சேவையகங்களுக்கு அவ்வஞ்சகர் கையில் திறவுகோல் இருந்திருக்கும். அரை நொடி! ஏரிக்கரையில் நண்டு வளையைக் கண்டு அடைத்தவன் ஊரைக் காத்தான் என்பது போன்றதே இஃது. அவ்வளவு பெரிய ஊரில் கரைக்காவல் ஒருவனே, அவனுக்கும் படியளப்பார் இல்லை என்னும் செய்தியே எம்மை அச்சுறுத்துகின்றது.

இங்கு நண்பர் ஒருவர் தடை நிகழ்த்துவார். “பெருங்கம்பெனிகள் லினக்ஸைக் கொண்டு கோடி கோடியாய் ஈட்டுகின்றனவே, அவர்கள் கொடுக்கட்டும். காஞ்சிபுரத்து மாணாக்கன் ஏன் கொடுக்கவேண்டும்?” என்பார். தடை வலியுடையதே. லினக்ஸின் கருவில் நிகழும் வேலையில் பெரும்பங்கு இன்டெல், கூகிள், ரெட்ஹாட் போன்ற நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்களாலேயே செய்யப்படுகின்றது. அங்கே நம் ஐந்நூறு ரூபாயை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் கம்பெனியின் கை தனக்கு வேண்டிய மதகைச் செப்பனிடுமேயன்றி ஊர்க்கரை முழுவதையும் பேணாது. எக்ஸ்-இஸடுக்கு அக்கை நீளவில்லை. மேலும், பணம் கொடுத்தவனே மடையைத் தாழிடவும் கூடும். ரெட்ஹாட் நிறுவனம் லினக்ஸ் சந்தாவால் ஓராண்டில் நூறு கோடி டாலர்க்குமேல் வருவாய் கண்டது. 2019ஆம் ஆண்டில் ஐ.பி.எம். அதனை 3,400 கோடி டாலர்க்கு வாங்கிற்று. 2023 ஜூன் திங்களில் அந்நிறுவனம் தன் வணிக வழங்கலின் மூலநிரலை வாடிக்கையாளர்க்கு மட்டுமே அளிப்பதென்றும், பொதுவில் அதன் முன்னோடியாகிய சென்டோஸ் ஸ்ட்ரீமின் நிரலே கிடைக்குமென்றும் அறிவித்தது. உரிமத்தின் எழுத்துக்கு இது மாறுபட்டதன்று என்பாரும் உளர். எழுத்துக்கு மாறுபடாதிருக்கலாம், ஊர்வழக்குக்கு மாறுபட்டதே.

‘இலவசம்’ என்று நாம் கொண்டாடியவற்றிற்கும் எவரோ கொடுத்தார் என்பதை மறவாதிருத்தல் நன்று. நம் பழைய மாணவர் சிலர் பெட்டியில் உபுண்டு குறுவட்டு ஒன்று இன்றும் கிடக்கும். கேட்டவர்க்கெல்லாம் அஞ்சற் செலவுமின்றி வீடுதேடி வந்த அவ்வட்டு, அந்நிறுவனத்தை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த் என்பாரின் செல்வத்திலிருந்து வந்தது. 2011ஆம் ஆண்டில் அவ்வனுப்புகை நின்றது. அதே ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு அளிக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடியாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கி 2007இல் வெளியிட்ட வழங்கல் அது. அதற்குக் கொடுத்தது பொதுமக்கள் வரிப்பணம். நம் தாமல் மாணவரின் மடிக்கணினியும் அத்திட்டத்தில் அவர் அண்ணனார் பெற்றதே. எனவே அவர் ஐந்நூறு ரூபாய், முன்பு பெற்றதற்கு ஒரு சிறு மறுமொய் எனலாம்.

ஐந்நூறு ரூபாய் இல்லாதவர் யாது செய்வது? குடிமராமத்தில் பணமில்லாதவன் மண்வெட்டியோடு வந்தான். கணினியுலகிலும் மண்வெட்டி உண்டு. பழுது கண்டால் ஒழுங்காய் எழுதி அறிவிக்கலாம், பட்டியல்களையும் உதவிக்குறிப்புக்களையும் தமிழாக்கலாம், புதியவர்க்குக் கற்பிக்கலாம். வெகுதூரம் போகவேண்டுவதில்லை. காஞ்சியிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. அதன் அன்பர்கள் தம் பொழுதைச் செலவிட்டுக் கேட்டவர்க்குக் கற்றுத்தருகின்றனர். 2012ஆம் ஆண்டு சனவரியில் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழும், அதனைச் சூழ்ந்தோரும் லினக்ஸ் முதலியவை பற்றித் தமிழில் நூல்கள் எழுதி எவரும் பகிரத்தக்க உரிமத்தில் வெளியிட்டுள்ளனர். இவர்கள் எல்லாரும் கரைக்கு ஆள் அனுப்பியவர்களே. ஒன்றும் கொடாமலும் ஒன்றும் செய்யாமலும், புதுப்பதிப்பு ஒரு நாள் தாமதித்தால் வசைமொழி எழுதுவோரையே யாம் குறை கூறுகின்றோம்.

மாணவர் நிலை இஃதாயின், கல்லூரியின் நிலை வேறு. ஏழை மாணவன் கொடாதிருத்தல் இயல்பு. நிறுவனம் கொடாதிருத்தல் இயல்பன்று. நம் கணினிக் கூடம் லினக்ஸிற்கு மாறியபோது, ஆண்டுதோறும் உரிமக் கட்டணமாய்ப் போய்க்கொண்டிருந்த தொகை மிஞ்சிற்று. மிஞ்சியது எங்குச் சென்றதென்று வினவினோம். புதிய நாற்காலிகளும் குளிரூட்டியும் வந்தன என்று விடை கிடைத்தது. நாற்காலிகள் நல்லவையே, இக்கட்டுரையை அவற்றுள் ஒன்றில் அமர்ந்தே எழுதுகின்றோம். எனினும் நம் வரவு செலவுத் திட்டத்தில் ‘லினக்ஸ்’ என்னும் சொல்லுக்கு எதிரே ஒரு காசும் எழுதப்படாதிருப்பது எமக்கு ஒவ்வவில்லை. முன்பு கொடுத்துவந்த கட்டணத்தில் பத்தில் ஒன்றை, ‘மராமத்து’ என்று தலைப்பிட்டே, ஆண்டுதோறும் ஒதுக்குக என்று ஆட்சிக்குழுவினரை வேண்டுகின்றோம். பாதி நாம் உபயோகிக்கும் வழங்கலை ஆக்குவோர்க்குச் செல்க. மறுபாதி தமிழாக்கப் பணி புரியும் நம் மாணவர்க்கே சிறு உதவித்தொகையாகுக. எவ்வழங்கலுக்கு என்பதை மாணவர் மன்றம் குடவோலை முறையில் தெரிந்தெடுத்தாலும் எமக்கு மறுப்பில்லை.

தாமல் மாணவர் இப்போது தம் வழங்கலின் நிறுவற் பகுதியைத் தமிழாக்கி வருகின்றார். நகைத்தவருள் இருவர் மாலையில் அவருடன் அமர்கின்றனர். சென்ற கிழமை, ‘விசைப்பலகை அமைவு’ என்பதா, ‘தட்டச்சுப்பலகை ஒழுங்கு’ என்பதா என்று மூவரும் பூசலிட்டு எம்மிடம் தீர்ப்புக் கேட்டு வந்தனர். இரண்டையும் எழுதித் தந்தை படித்துப் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டோம்.