வராதவர்கள் யார்?

பங்குப்பேரவைக் கூட்டங்களில் தவறாமல் எழும் முறையீடு ஒன்று உண்டு. "சாமி, இந்தக் காலத்து இளைஞர்கள் கோவில் பக்கமே வருவதில்லை" என்பதே அது. திருவிழாக் கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு, தேநீர் வந்து சேரும் வேளையில் பெரும்பாலும் இது எழும். ஒருவர் கைப்பேசியைக் குறை கூறுவார். மற்றொருவர் திரைப்படத்தைச் சாடுவார். மூன்றாமவர் பெற்றோரின் வளர்ப்பு சரியில்லை என்பார். அனைவரும் தலையசைப்பர். தேநீர் தீர்ந்ததும் கூட்டம் கலையும். நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாள்முதல் 25 ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கேட்டு வருகிறேன். அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது தொலைக்காட்சி. இன்று நிற்பது கைப்பேசி. அன்று 'கோவிலுக்கு வராத இளைஞர்கள்' எனப் பழிக்கப்பட்டவர்களுள் பலர் இன்று பேரவை உறுப்பினர்களாக அமர்ந்து அதே பழியை அடுத்த தலைமுறையின்மேல் சுமத்துகின்றனர் என்பதுதான் வேடிக்கை.

இந்த முறையீடு உண்மைக்குப் புறம்பானது என்பதே என் வாதம். கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்க நள்ளிரவுவரை விழித்திருப்பவர் யார்? தேர் தூக்குவோர் யார்? துக்க வீட்டுக்கு நாற்காலி சுமப்போர் யார்? வெள்ளம் வந்தபோது கோவில் மண்டபத்தில் சோறு பொங்கியவர் யார்? வேலை என்றால் வந்து நிற்கிறார்கள். வேலை முடிந்ததும் "போய் வாருங்கள், தம்பி" என்று நாம்தான் அனுப்பிவிடுகிறோம். அவர்களோடு அமர்ந்து பேச ஓர் ஆள் இல்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். முதல் நன்மைக்குச் சிறுவரை ஆயத்தப்படுத்த மறைக்கல்வி ஆசிரியர் உண்டு. பீடச்சிறாருக்கு அருட்சகோதரி உண்டு. உறுதிபூசுதல் வரை வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, பரிசளிப்பும் உண்டு. அதன்பின்? பதினைந்து, பதினாறு வயதில், கேள்விகள் பிறக்கும் நேரத்தில், திருச்சபை அவர்களைக் கைகழுவி விடுகிறது. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் தந்தை குடிக்கிறார். நண்பன் தவறான பாதையில் இழுக்கிறான். காதல் என்கிறார்கள், சாதி குறுக்கே நிற்கிறது. இவற்றை யாரிடம் பேசுவது? பெற்றோரிடம் பேச அச்சம். பங்குத்தந்தையிடம் பேசத் தயக்கம். பெற்றோரும் அல்லாத, ஆசிரியரும் அல்லாத, குருவும் அல்லாத ஒரு பெரியவர் வேண்டும். அத்தகையவர் ஒருவரேனும் இல்லாத பங்குகளே நம்மிடம் அதிகம்.

"இளைஞர் குழுவைப் பார்த்துக்கொள்ளத்தான் உதவிப் பங்குத்தந்தை இருக்கிறாரே" என்பர் சிலர். இருக்கிறார், எத்தனை நாளைக்கு? இன்று வருவார், குழுவின் பெயர்களை மனனம் செய்து முடிப்பதற்குள் மாற்றல் கடிதம் வரும். எனக்கும் வரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பங்குக்குப் புறப்படுவேன். பதினாறு வயதில் குழுவில் சேரும் ஒருவன் இருபத்திரண்டு வயதை எட்டுமுன் எத்தனை குருக்களுக்கு மாலை போட்டு வரவேற்று, எத்தனை பேருக்குப் பிரியாவிடை கூறியிருப்பான்! ஊரில் நிலைத்திருப்பவர் பொதுநிலையினரே. குரு வழிப்போக்கர். ஆகவே இளைஞரோடு உடனிருக்கும் பணி இயல்பாகவே உங்களுடையது. ஆள் பற்றாக்குறையால் உங்களிடம் தள்ளிவிடப்படும் பணி இது என எண்ண வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய விதித்தொகுப்பு, இளைஞருக்கு முதல் திருத்தூதர் இளைஞரே எனக் கூறும் அதே இடத்தில், பெரியவர்கள் அவர்களோடு நட்புறவோடு உரையாடி வயது எழுப்பும் சுவரைக் கடக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. முன்பாதியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பின்பாதி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

நிற்க. பெரியவர்கள் அறவே வருவதில்லை என்று சொன்னால் அது அநீதி. சிலர் வருகின்றனர். வந்து என்ன செய்கின்றனர் என்பதே அடுத்த கேள்வி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருகிறார். ஒன்றரை மணிநேரக் கூட்டத்தில் ஒரு மணி இருபது நிமிடம் அவரே பேசுகிறார். அவருடைய இளமையில் தெருவிளக்கில் படித்த கதையை இளைஞர்கள் ஆறாவது முறையாகக் கேட்கின்றனர். அடுத்தவர் உள்ளூர் அரசியல் பிரமுகர். அவருக்குக் குழு என்பது சுவரொட்டி ஒட்டும் படை. மற்றொருவர் பனியன் வாங்கிக் கொடுத்த கொடையாளர். பனியனின் முதுகில் அவர் பெயர் இருக்கும், குழுவின் முடிவுகளிலும் அவர் விருப்பமே இருக்கும். இன்னொருவர் கணக்குப் புத்தகத்தைத் தம் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்பவர். இவர்கள் யாவரும் நல்லவர்களே. ஆயினும் குழுவுக்கு உரிமையாளராக வருகிறார்களேயன்றி உதவியாளராக வருவதில்லை.

நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், திருவிழா இன்னிசை நிகழ்ச்சிக்கென ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை, செவிலியர் படிப்பில் சேர்ந்த ஏழைப் பெண் ஒருத்தியின் கட்டணத்துக்கு இளைஞர் குழு கொடுத்துவிட்டது. பேரவையைக் கேட்கவில்லை என்பது மெய்தான், கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்காகக் குழுவையே கலைத்துவிட வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்தனர் பெரியவர்கள். "நற்செய்தி வாசகத்தைக் கேட்டுவிட்டு அதன்படி நடந்த குற்றத்துக்குத் தண்டனையா?" என்று கேட்டேன். தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் அன்று ஒன்று விளங்கிற்று. அக்குழுவோடு அமர்ந்து, "செய்வது நல்லதுதான், முதலில் பேரவையிடம் போய்ச் சொல்லுங்கள், நானும் உடன் வருகிறேன்" என்று கூற ஒரே ஒரு பெரியவர் இருந்திருந்தால், அந்தச் சண்டைக்கே இடமிராது.

விவிலியத்தில் எனக்குப் பிடித்த 'உதவியாளர்' ஏலி. சாமுவேலின் முதல் நூல் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். முதியவர், பார்வை மங்கியவர், தம் சொந்தப் புதல்வரைத் திருத்த இயலாதவர். இறைவனின் குரல் அவருக்குக் கேட்கவில்லை, சிறுவனுக்குக் கேட்கிறது. இருமுறை அவனைத் திரும்பப் படுக்க அனுப்புகிறார். மூன்றாம் முறைதான் அழைப்பவர் யாரென அவருக்குப் புரிகிறது. அப்போது அவர் செய்தது என்ன? எழுந்துபோய்த் தாமே பதில் சொல்லவில்லை. குரு நானிருக்கச் சிறுவனிடம் பேசுவதா எனச் சினக்கவுமில்லை. என்ன பதில் கூற வேண்டும் என்பதை மட்டும் அவனுக்குக் கற்றுக்கொடுத்து, அவன் இடத்துக்கே அவனை அனுப்பிவிடுகிறார். இதைவிடக் கடினமானது மறுநாள் காலையில் நடக்கிறது. சிறுவன் பெற்ற செய்தி ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. அதை மறைக்காமல் சொல்லும்படி வற்புறுத்திக் கேட்டு, ஏற்றுக்கொள்கிறார் அந்த முதியவர். நம் பேரவைகளில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர், நம்மைப் பற்றிப் பதினெட்டு வயதினர் கூறும் தீர்ப்பை முழுமையாகக் கேட்கத் துணிவோம்?

"எனக்கென்ன தெரியும் சாமி, நான் படிக்காதவள்" என்று ஒதுங்கும் தாய்மார் பலர். அவர்கள் மர்கரீத்தா அம்மையாரை அறிய வேண்டும். தொன் போஸ்கோவின் தாய், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண், கைம்பெண். 1846-இல், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், பெக்கி என்ற சிற்றூரிலிருந்த வீட்டை விட்டு, துரின் நகரின் வால்டோக்கோவில் மகன் திரட்டிய ஆதரவற்ற சிறுவர்களுக்கு உதவ நடந்தே வந்தார். சமைத்தார், கிழிந்ததைத் தைத்தார், இரவில் அழுத பிள்ளைகளின் அருகே அமர்ந்தார். அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் போர் விளையாட்டு ஆடிய சிறுவர்கள் மிதித்து நாசமாக்கியபோது, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். மகன் மறுமொழி பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அம்மையார் அங்கேயே தங்கினார். 1856-இல் அவர் இறக்கும்வரை பத்தாண்டுகள். சலேசிய சபை நிறுவப்பட்டது 1859-இல். அதாவது, சபை தோன்றுமுன்னரே பெரியவர் ஒருவரின் உடனிருப்பு தோன்றிவிட்டது. சபையின் வரலாற்றைப் பேசுவோர் இதை அடிக்குறிப்பாக்கி விடுகின்றனர்.

மற்றொரு தடை, இளைஞர் இயக்கங்களின் கொள்கையையே சான்றாகக் காட்டி எழுப்பப்படுவது. "அவர்களே தங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்பதுதானே கார்டைன் ஆண்டகையின் நெறி? பெரியவர் எதற்கு?" இது பாதி வாசிப்பு. 1912-இல் பிரசெல்சு அருகே லாக்கன் பங்குக்கு உதவிக் குருவாக வந்த ஜோசப் கார்டைன், தையல் வேலை செய்த இளம்பெண்களோடு தம் பணியைத் தொடங்கினார். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெறுமுன் பத்தாண்டுக்கு மேல் அவர் அத்தகைய இளையோரோடு உடனிருந்தார். பார்த்து, ஆய்ந்து, செயல்படும் முறையை இளைஞர்களே கையாள வேண்டும் என அவர் வலியுறுத்தியது உண்மை. ஆனால் பார்க்கக் கற்பவனுக்கு, "நீ இதைப் பார்த்தாயா?" எனக் கேட்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைமை இளைஞருடையது, கேள்வி பெரியவருடையது.

பார்ப்பது என்றேன். எதைப் பார்ப்பது? 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நம் பங்கு இளைஞர்களின் மணிக்கட்டுகளை நாம் பார்த்ததுண்டா? நற்கருணை வாங்க நீளும் கையில் எந்த நிறக் கயிறு இருக்கிறது என்பதைக் கவனித்ததுண்டா? சில ஊர்களில் தெருவுக்கு ஒரு இளைஞர் குழு இருக்கிறது. ஏனென்று கேட்டால் 'நிர்வாக வசதி' என்பர்! அந்த வசதி எதன் மறுபெயர் என்பது ஊரறிந்த இரகசியம். இதை மறையுரையில் நான் கண்டிக்கலாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாரந்தோறும் அவர்களோடு அமரும் ஒருவர்தான், கயிறு கட்டிய கையும் கட்டாத கையும் ஒரே பந்தியில் சோறு பரிமாறும்படி செய்ய முடியும்.

இனி, பலர் முகஞ்சுளிக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இளையோரோடு பணியாற்ற முன்வருவோர் சில ஒழுங்குகளுக்கு உட்பட வேண்டும் என்றால், "என்னையா சந்தேகிக்கிறீர்கள்?" என்று சிலர் கொதிக்கின்றனர். பதினெட்டு வயதுக்குட்பட்ட யாவரும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குழந்தைகளே. அவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பதும் குற்றம். பங்கின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி மூடிமறைக்கும் உரிமை குருவுக்கும் இல்லை, பேரவைக்கும் இல்லை. ஆகவே, பெரியவர் ஒருவர் மட்டும் தனியே இருக்கலாகாது. ஆணும் பெண்ணுமாக இருவரேனும் வேண்டும். கூட்டம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்குப் பெற்றோரின் எழுத்துவழி இசைவு வேண்டும். நள்ளிரவில் கைப்பேசியில் தனிச்செய்தி அனுப்பும் பழக்கம் கூடாது. 1098 என்ற எண் அறைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். இவ்வொழுங்குகள் பிள்ளைகளைக் காக்கின்றன. நேர்மையான பெரியவரையும் வீண்பழியினின்று காக்கின்றன. இவற்றை அவமதிப்பாகக் கருதுவோர் வேறு பணி தேடிக்கொள்வது நல்லது. பங்கில் வேலைக்கா பஞ்சம்!

சாரணர் இயக்கத்தாரைப் பாருங்கள். 1907-இல் பிரவுன்சீ தீவில் சிறுவருக்கான முகாமோடு தொடங்கிய அவ்வியக்கம், பன்னிரண்டே ஆண்டுகளில், 1919-இல், கில்வெல் பூங்காவில் பெரியவர்களுக்கெனத் தனிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. நல்ல மனம் மட்டும் போதாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். நாமோ இளைஞர் ஞாயிறன்று பேரணி நடத்துகிறோம். பந்தல், ஒலிபெருக்கி, பிரியாணி, பனியன், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. மறுநாள் பந்தல் பிரிக்கப்படும்போது அந்த ஆண்டுக்கான இளைஞர் பணி முடிந்துவிடுகிறது. இதை எழுதுவதால் மறைமாவட்ட அலுவலகத்தில் என்மேல் வருத்தப்படுவோர் இருக்கலாம், படட்டும்.

நான் கேட்பது பெரிதன்று. பேரணிச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பங்குக்கு இருவர் வீதம் பெரியவர்களை அழைத்து, ஆண்டுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கட்டும் நம் இளைஞர் பணிக்குழு. எப்படிக் கேட்பது, எப்போது வாய் மூடுவது, கணக்கை இளைஞரிடமே விட்டு எப்படிச் சரிபார்ப்பது, எந்தச் செய்தியை யாரிடம் உடனே தெரிவிப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கட்டும். வரும் இருவரும் மூன்றாண்டுகள், வாரம் ஒன்றரை மணிநேரம் தர இசைய வேண்டும். பேச்சாற்றல் தேவையில்லை. ஓய்வுபெற்ற செவிலியரோ, இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் அண்ணனோ, அன்பியத்தில் வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவோ போதும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் தேநீர் வரும்போது அந்தப் பழைய முறையீட்டை யாரேனும் எழுப்பினால், செயலர் அவருடைய பெயரை முதலாவதாகக் குறித்துக்கொள்ளலாம்.