சாய்வு நாற்காலியில் ஒரு தாய்

கணவன் பிள்ளைகளோடு உறவினர் திருமணத்திற்குச் சென்றுவிட்டான். அடுப்பு அணைந்திருக்கிறது, "அம்மா!" எனும் அழைப்பும் அடங்கியிருக்கிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாளேட்டை முழுதும் படிக்கிறாள் தாய். ஆண்டுகள் பல கடந்து அவளுக்கென வாய்த்த ஒரு பகல்! பொறுக்குமா ஊர்? "பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறாளே, இவளும் ஒரு தாயா?" என்று ஏசுகிறது.

தோழர்களே! ஆடவன் சாய்ந்தால் ஓய்வு, அவள் சாய்ந்தால் சோம்பலா? 2024ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண் செலவிடுவதோ 88! பிள்ளை பேணும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு.

தாயைத் தெய்வம் என்கிறார்கள். அந்தத் தெய்வத்திற்கும் உச்சிவேளையில் நடைசாத்தி ஓய்வு தருகிறார்களே! கல்லுக்குக் கிடைக்கும் ஓய்வு, வியர்வை சிந்தும் காரிகைக்குக் கிடையாதா?

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் வீட்டுவேலையையும் வெளிவேலையையும் ஒருநாள் நிறுத்தினர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் சென்றனர் தந்தையர். "சும்மா இருப்பவள்" சுமந்தது எவ்வளவு என்பதை அன்று நாடே உணர்ந்தது.

தம்பி! மேடையில் பகுத்தறிவு முழங்கினால் போதாது, அடுக்களைக்குள் நுழை! வாரம் ஒரு பகலேனும் தாய்க்கு விடு. நீ அருளும் வரமல்ல அது. அவளிடமிருந்து பறித்த பொருள். திருப்பிக் கொடு!