வகுப்பெடுக்க யாரை அனுப்புகிறீர்கள்?

எம்.பார்ம் படித்தபோது, பி.பார்ம் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க எங்கள் பேராசிரியர் எப்போதும் அந்த இரண்டு பேரைத்தான் அனுப்புவார். அவர் வீட்டுக்குள் போய்வருகிறவர்கள். என்னிடம், "உனக்கென்னப்பா, கோட்டாவில் டிரக் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவாய்" என்பார். அக்கறைபோலத்தான் இருக்கும்.

ஜிபேட் தேறிச் சேர்ந்ததால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது. கரும்பலகை முன் நிற்கும் பழக்கம் அதோடு வரவில்லை.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் இடஒதுக்கீட்டைத் துறைவாரியாகக் கூறுபோடுவதை 2019 சட்டம் தடுத்தது. பார்மசி கல்லூரிகளில் பெரும்பாலானவையோ தனியார் கையில். அங்கே ஆசிரியர் நியமனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பிறகு, "அனுபவம் போதாது" என்பார்கள்.

எம்.பார்ம் மாணவர் எல்லோருக்கும் சுழற்சி முறையில் வகுப்பு கொடுங்கள். யாருக்கு எத்தனை வகுப்பு என்ற பட்டியலைத் துறை வாசலில் ஒட்டுங்கள்.