'சேர்க்கை சரியில்லை' என்கிறவர்களுக்கு

சென்னைக் கண்ணகி நகர்ப் பக்கம் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போதும், மறுநாள் பேப்பரில் 'கஞ்சா போதையில்' என்று வந்துவிடுகிறது. சேர்க்கை சரியில்ல, அதனால கஞ்சா அடிக்கிறான், அதனால வெட்டுறான் என்பது பொதுப்புத்தி கட்டிவைத்திருக்கும் கதை. முதல் அடி யார் மேல் விழுந்தது என்பது மட்டும் இந்தக் கதையில் இல்லை.

2000த்திலிருந்து நீர்க்கரைச் சேரிகளை இடித்து, சனங்களை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2015 வெள்ளத்தைச் சாக்காக வைத்து அடையாற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்கினார்கள், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தபோதே. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. பெத்தவங்க பழைய இடத்து வேலைக்கு விடியுமுன் பஸ் ஏறினார்கள். விலாசத்தைச் சொன்னால் வேலை கிடையாது. இதெல்லாம் வன்முறைக் கணக்கில் வராதாம். அந்தப் பையனை 'வாடா மச்சான்' என்று கூப்பிட்டு உட்கார இடம் கொடுத்தது மாடிப்படியில் இருந்த நாலு பசங்கதான். பொட்டலம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பின்னாலேயே போலீஸ் வருகிறது. 2022 ஏப்ரலில், கஞ்சா வேட்டை நடந்துகொண்டிருந்த மாதத்தில், மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயது இளைஞரைக் கஞ்சா வைத்திருந்ததாகப் பிடித்தார்கள். தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. உடற்கூறாய்வில் 13 காயங்கள். கொலை வழக்கில் காவலர்கள் கைதானார்கள். ஆனால் அதே செடியின் இலையை அரைத்தால் அது பாங்கு. 1985 போதைப்பொருள் சட்டத்தில் அது கஞ்சா கிடையாது. வடக்கே ஹோலிக்கு அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறான்.

அதுக்காக கஞ்சாவைக் கலகம் என்று தூக்கிப்பிடிக்க முடியாது. நானும் கவிதை எழுதுகிறவன். அப்படிப் பேசும் கவிஞர் கூட்டத்தைத் தெரியும். அவங்க அறைக்கதவை போலீஸ் தட்டாது. பதினாலு, பதினைந்து வயதில் பிடித்துக்கொண்டால் மனச்சிதைவுக்கான ஆபத்து கூடுகிறது. ஞாபகமும் படிப்பும் கெடுகிறது. அந்த நட்டம் சேரிக்கு, லாபம் மூட்டை ஏற்றி அனுப்புகிறவனுக்கு.

அந்தச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சிறிதளவு வைத்திருந்து சிக்கியவர் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த சிகிச்சையை முடித்தால், தண்டனை நடவடிக்கையிலிருந்து விடுபடலாம். இதை எத்தனை தாய்மாரிடம் நாம் சொல்லியிருக்கிறோம்? ஜெயிலுக்கு அனுப்பினால் அதைவிட மோசமான சேர்க்கைதான் காத்திருக்கிறது.

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி கார்த்திகா, இதே கண்ணகி நகர். அங்கே பிள்ளைகள் கூடி விளையாடியதும் சேர்க்கைதானே?

தோழர்களே, கூட்டம் போட்டுப் போதை ஒழிப்பு உறுதிமொழி வாசித்தால் மட்டும் போதாது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மாடிப்படிக்குப் போவோம். இரவுப் பாடசாலை, படிப்பகம், பறை, கபடி, எது முடியுமோ அதைத் தொடங்குவோம். நாம் உட்காராத இடத்தில்தான் வியாபாரி வந்து உட்காருகிறான்.