வறண்ட கண்ணும் வறண்ட வாயும்

கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலுடன் பெண்ணொருத்தி திருவனந்தபுரத்துக் கண் மருத்துவமனைக்குச் செல்கிறாள் என்று கொள்வோம். பற்கள் வரிசையாகச் சொத்தையாகிவிடவே, 1959-ஆம் ஆண்டில் தோன்றிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியை நாடுகிறாள். பின்னர் மூட்டுவலிக்காக, 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியை அடைகிறாள். மூன்று இடங்களிலும் அவள் ஒன்றை மட்டுமே கூறினால், மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்பது எவருக்கும் புலப்படாமற் போகக்கூடும்.

அம்மூலத்தை 1933-இல் விரிவாக எடுத்துக்காட்டியவர் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென். அவர் ஆராய்ந்த 19 பெண்களுள் 13 பேருக்கு மூட்டழற்சியும் இருந்தது. கோளாறு கண்ணளவில் நிற்பதன்று. உடல் முழுவதையும் பற்றியது என்பது இதனால் விளங்கிற்று.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் கண்ணீர்ச் சுரப்பிகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் புகுந்து அவற்றையே தாக்குகின்றன. இதற்குத் தனிக் காரணம் ஒன்றைச் சுட்ட இயலாது. சில மரபணுக்கள் உடலை இதற்கு ஏதுவாக்குகின்றன. ஆயினும் அவை மட்டும் போதா. எப்ஸ்டைன்-பார் போன்ற வைரஸ்கள் தூண்டுகோலாகலாம் எனக் கருதப்படுகிறது. முடிவான சான்று இல்லை. நோயாளிகளுள் பத்தில் ஒன்பதின்மர் பெண்களாயிருத்தலின், ஹார்மோன்களுக்கும் பங்குண்டு என எண்ணுகின்றனர்.

ஆகவே, உணவின் மீதோ உடற்சூட்டின் மீதோ பழி சுமத்துவது பொருந்தாது. இது தொற்றுநோயுமன்று. முதுமையும் சில மருந்துகளும் வறட்சியை உண்டாக்கும் என்பது உண்மையே. அதனாலேயே எல்லா வறட்சியையும் வயதின் கணக்கில் எழுதிவிடுதல் தவறு. அத்தவறு பற்களோடு நிற்பதில்லை. இந்நோயாளர் பலரின் குருதியில் காணப்படும் 'ரோ' என்னும் எதிர்ப்பொருள், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவை அடைந்து, அரிதாக அதன் இதயத் துடிப்பைத் தடைப்படுத்தலாம். முன்னரே அறிந்தால் கருவைக் கண்காணிக்க இயலும்.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியரும் ஆசிரியரும் நோயை நிர்ணயிக்க வேண்டியதில்லை. கண் உறுத்துகிறதா, நீரின்றி உணவை விழுங்க இயலுகிறதா, மூட்டு வலிக்கிறதா என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே கேட்டு, விடைகளை ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் அனுப்பினால் போதும். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்று சேர்ப்பதே நோயறிதலின் முதற்படி.