விசிலுக்குக் காத்திருந்தவர்கள்

நடுவரைத் திட்டுவது கால்பந்து ரசனையில் சேராது. இப்படிச் சொன்னதற்காகக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க்கடையில் எங்கள் கூட்டாளிகளே இரண்டு நாட்கள் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்கள். பேசியது முழுவதும் வசை. வாய்ப்பேச்சில் முடியாத அந்தச் சண்டையை இங்கே எழுத்தில் தொடர்கிறோம்.

எங்களை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் எழுவர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நால்வர், பள்ளி ஆசிரியர்கள் இருவர், ஒருவர் தற்சமயம் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஒரே பிரதி சிற்றிதழை எழுவரும் கைமாற்றிப் படிக்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. சென்னையின் எஃப்.சி. ஆட்டம் என்றால் புறநகர் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, நேரு விளையாட்டரங்கத்துக்கு நடந்தே போகிற வழக்கமும் உண்டு. திரும்பும் ரயிலைக் கணக்கிட்டு எண்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள் நாங்கள். கூடுதல் நேரக் கோல்கள் பலவற்றைப் பெரியமேட்டுத் தெருவில் நடந்தபடி வெறும் கூச்சலாக மட்டுமே அறிந்திருக்கிறோம்.

சண்டையின் மூலம் எங்கள் அணி ஆடிய ஆட்டமே அல்ல என்பதுதான் வேடிக்கை. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நடந்த ஐ.எஸ்.எல். வெளியேற்றச் சுற்று ஆட்டம் அது. தொண்ணூறு நிமிடங்கள் கோலின்றிக் கழிந்தன. 96ஆவது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். கேரளக் காப்பாளர் சுவரை அமைத்துக்கொண்டிருக்கையிலேயே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். விசில் ஊதப்படவில்லை. நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் தம் வீரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார், அவர்கள் திரும்பவில்லை. ஆட்டம் பெங்களூருவுக்கு வழங்கப்பட்டது. பின்னர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது.

அன்று முதல் இன்றுவரை எங்கள் கடையில் இது ஓயவில்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடரே நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்து, பேச ஆட்டமே இல்லாமல் போன மாதங்களிலும் இந்த ஒரு ஃப்ரீ கிக்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: நடுவர் விலைபோய்விட்டார். இதற்குச் சான்று கேட்டால் முறைக்கிறார்கள். விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினால், ‘புத்தகம் படிக்கிறவனுக்கு ஆட்டம் தெரியாது’ என்கிறார்கள். வெண்பாவில் தளை தட்டுகிறது என்று ஒருவன் சொன்னால் எந்தச் சீரில் தட்டுகிறது என்று கேட்கிற ஊர் இது. மைதானத்தில் மட்டும் எந்தச் சீர் என்று கேட்பது ஏன் குற்றமாகிறது?

ஃப்ரீ கிக் யாருடைய உரிமை? தவறிழைக்கப்பட்ட அணியினுடையது. எதிரணியினர் 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அடிப்பவருக்குத் தரப்பட்ட பாதுகாப்பேயன்றி, சுவர் கட்டிக்கொள்ளத் தடுப்பாளருக்குத் தரப்பட்ட அவகாசமன்று. அந்தப் பாதுகாப்பு வேண்டாமென்று அடிப்பவர் விட்டுக்கொடுத்து உடனே ஆடலாம். பெரும்பாலான ஃப்ரீ கிக்குகளுக்கு விசில் தேவையே இல்லை. தூரத்தை அளந்து நடுவர் சுவரைப் பின்தள்ள நேர்கையில்தான் அது தேவைப்படும். தமக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் தெரிவித்துவிட்டே அடித்ததாகச் சேத்ரி பிற்பாடு விளக்கினார். தவறு செய்த அணிக்குத் தன் தவறைச் சீர்செய்து முடிக்கும்வரை காத்திருக்கும்படி கேட்க என்ன நியாயம் இருக்கிறது?

இவ்வளவு பேரிலும் ஒரே ஒருவர் மட்டுமே எங்களைத் திணறவைத்தார். உருட்டாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண் சிவக்க வந்து உட்கார்ந்த நண்பர் அவர். ‘பந்து வைக்கப்பட்டபின் நடுவர் அங்கே நின்று தடுப்பாளரைத் தள்ளி நிற்கச் சொன்னாரா இல்லையா? சொன்ன கணமே அது விசிலுக்குரிய ஃப்ரீ கிக் ஆகிவிட்டது. அதற்கப்புறம் விசில் இல்லாமல் அனுமதித்தது பிழை’ என்றார். இதற்குப் பெயர் வாதம். இதற்குப் பதில் சொல்ல அந்தக் காணொளியை நாங்கள் முப்பது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்போம். நடுவரின் தாயையும் சகோதரியையும் இழுக்காமல், அவர் செய்த செயலை எடுத்துப் பேசியவர் அவர் ஒருவரே. விமர்சனம் என்று நாம் இலக்கியத்தில் எதைச் சொல்கிறோமோ அதுதான் அது.

ஆனால் அவரே சரி என்று வைத்துக்கொண்டாலும் வெளிநடப்பை எங்களால் ஏற்க முடியவில்லை. நடுவரின் தீர்ப்புகளில் பிழை நேரும் என்று தெரிந்தேதான் ஆட்டவிதி அவற்றை இறுதியானவை என்கிறது. பிழையை ஏற்றுக்கொண்டு எஞ்சியிருக்கும் நிமிடங்களை ஆடுவதுதான் ஒப்பந்தம். கூடுதல் நேரத்தில் இன்னும் ஏறக்குறைய இருபத்துநான்கு நிமிடங்கள் மீதமிருந்தன! 2015 டிசம்பர் 20 அன்று ஃபதோர்டாவில் எங்கள் அணி கோவாவிடம் 1–2 என்று பின்தங்கி நின்றபோது தொண்ணூறு நிமிடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. எதிரணிக் காப்பாளரின் சுயகோல் ஒன்று, மெண்டோசாவின் கோல் ஒன்று. கோப்பை சென்னைக்கு வந்தது. இருபத்துநான்கு நிமிடங்களை வைத்துக்கொண்டு ஓர் அணி எழுந்து போகிறதென்றால், தன் ஆட்டத்தின் மீதே அதற்கு நம்பிக்கை இல்லை.

(ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அன்றிரவு நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். அது கேரள அணி என்பதால். அதே கோல் எங்கள் வலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எங்களில் எத்தனை பேர் சம்மதித்திருப்போம் என்பது ஐயத்திற்குரியது.)

சம்மேளனத்துக்கும் ஒரு வார்த்தை. அபராதத் தொகையை அறிய முடிந்த அளவுக்கு நடுவரின் நியாயத்தை ரசிகன் அறிய வாய்ப்பில்லாதபோது வதந்தி வளரத்தான் செய்யும். இங்கிலாந்தில் 2023 முதல் நடுவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்துத் தொலைக்காட்சியில் போட்டு விளக்கினார்கள். அதே ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் காணொளி பார்த்துத் தீர்ப்பு மாற்றிய நடுவர், ஒலிவாங்கியில் அரங்கத்துக்கே காரணம் சொன்னார். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சர்ச்சைக்குரிய தீர்ப்புகளை விதி எண்ணோடு அரைப்பக்கத்தில் எழுதி வெளியிட்டாலே போதும். தேநீர்க்கடை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு தரப்பையும் விட்டுவைக்க முடியாது. எங்கள் இலக்கிய நண்பர் ஒருவர், ‘விதியைப் பேசுவது குமாஸ்தா வேலை, ஆட்டத்தின் அழகைப் பேசுங்கள்’ என்று அறிவுரை வழங்கினார். விதிதான் அழகைச் செய்கிறது என்பதை அவர் அறியவில்லை. ஆஃப்சைடுக்கு மூன்று எதிராளிகள் என்பதை 1925இல் இரண்டாக மாற்றியதும் அணிவகுப்புகளே மாறின. 1990 உலகக் கோப்பையில் பந்தைக் காப்பாளரிடமே திருப்பித் திருப்பித் தந்து பொழுதைக் கொன்ற சலிப்பிலிருந்துதான் 1992இன் பின்பாஸ் தடை பிறந்தது. அழகைப் பேச வேண்டுமாம், பேசுவோம். 2018 மார்ச் 17 அன்று அதே கண்டீரவாவில், சேத்ரி முதல் கோல் போட்டபின், இரண்டு கார்னர்களில் மையத் தடுப்பாளர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். 3–2 என்று நாம் இரண்டாம் முறை கோப்பை வென்றோம். அழகில்லாத வெற்றி என்று அன்று பெங்களூருக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் அதை ரசித்தோம், இன்றும் ரசிக்கிறோம். அடுத்த பருவத்தில் அதே ஜான் கிரெகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடம் பிடித்தபோது, எங்கள் கடையில் வியூகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் குற்றவாளி நடுவரேதான்!

இங்கேதான் எங்கள் உண்மையான கோபம் இருக்கிறது. நடுவரைத் திட்டுகிறவன் வேறெதையும் கேட்காமல் தப்பித்துக்கொள்கிறான். மைதானத்தில் எத்தனை வெளிநாட்டவர் ஆடலாம் என்ற விதியை எத்தனை பேர் விவாதித்திருக்கிறோம்? 2014இல் ஆறு, 2017இல் ஐந்து, 2021இல் நான்கு. எண்ணிக்கை குறைந்தது, ஆனால் கோல் அடிக்கிற இடத்தைப் பெரும்பாலான அணிகள் வெளிநாட்டவருக்கே ஒதுக்கி வைத்தன. விளைவு, 2024 ஜூனில் ஓய்வுபெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், தேசிய அணி திரும்ப அழைத்தது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் மட்காவ்ன் மைதானத்தில் 1–2 எனத் தோற்று ஆசியக் கோப்பைத் தகுதியையும் இழந்தது. அந்த இரவு எந்த நடுவரும் நம்மை ஏமாற்றவில்லை.

எங்கள் கடைக்கு வங்காளத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த தோழர் ஒருவர் வருவார். ஈஸ்ட் பெங்கால் பக்தர்; தம் அணி வென்றால் ஹில்சா மீன் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை நான்கரை ஆண்டுகளுக்குப் பின் அவருடைய அணி வீழ்த்தியது. ஒரே கோல். போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். மறுநாள் அவர் எங்கள் அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, அரைகுறைத் தமிழில், ‘உங்க ஊர் பையன், உங்க டீம்ல ஏன் இல்லை?’ என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வியாசர்பாடியின் தெருக்களிலிருந்து தனபால் கணேஷ் போன்றவர்கள் வந்த வடசென்னையின் வழியாகத்தான் எங்கள் ரயில் தினமும் போய்வருகிறது. அங்கிருந்து எத்தனை பேரை எடுத்தீர்கள், எத்தனை நிமிடம் ஆடவிட்டீர்கள் என்று அணி நிர்வாகத்தைக் கேட்கும் ஒரு பதாகையை எந்த ஆட்டத்திலும் நாங்கள் பிடித்ததில்லை. நடுவருக்கு எதிரான பதாகை இரண்டு முறை பிடித்திருக்கிறோம்.

கடைசியாக எங்கள் வசைக் கூட்டாளிகளுக்கு. சேத்ரியின் ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையா என்று எங்களுக்குள்ளேயே வாக்கெடுத்தோம். நால்வர் தேவையில்லை என்றோம். உருட்டாலை நண்பரின் வாதத்தைக் கேட்டபின் மூவர் தேவை என்று கட்சி மாறிவிட்டனர். அந்த மூவரும் சேர்ந்துதான் இதை எழுதியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு அதே கடையில், காலை ஷிஃப்ட் முடிந்ததும் இருப்போம். நந்தகுமார் விஷயத்தில் பதில் தெரிந்தவர்கள் முதலில் பேசலாம்.