ஜல்லியையும் சிமெண்டையும் எவன் ஹேக் பண்ணுவான்?

"ஹேக்கிங் எல்லாம் பெங்களூர் சாஃப்ட்வேர்காரன் பாடு சார். நம்ம ஜல்லியையும் சிமெண்டையும் எவன் ஹேக் பண்ணுவான்?" சித்தூரில் போன வாரம் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் கேட்டார். திருப்பதியில் அபார்ட்மெண்ட் கட்டுகிறவர்களிடமும் இதே பேச்சுதான். பெரிய கம்பெனிக்கு ஆபத்து, சின்ன கம்பெனிக்கு இல்லையாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், இதே சித்தூர் மாவட்டக் காவல் நிலையக் கணினிகளை முடக்கியதே, மறந்துவிட்டதா? அப்போது திருப்பதியும் இந்த மாவட்டம்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. 150 நாடுகளில் பரவிய அந்த நிரல் யாருடைய டர்ன்ஓவரையும் விசாரிக்கவில்லை. விண்டோஸில் ஓர் ஓட்டை அடைபடாமல் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அடைப்பதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். காவல் நிலையத்தில் என்ன புதையலா இருந்தது?

2020 ஜனவரியில் பிரான்சின் பூயிக் கட்டுமான நிறுவனம் ரான்சம்வேரால் முடங்கியதைக் காட்டி, "பார்த்தீர்களா, பெரிய கம்பெனி!" என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் 2013இல் டார்கெட் கடைகளின் 4 கோடி கார்டு விவரங்களைத் திருடியவர்கள், குளிர்சாதன வேலை செய்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டை வைத்துத்தான் உள்ளே போனார்கள். சித்தூர் காவல் நிலையமும் சின்ன இடம்தான்.

"எங்களிடம் என்ன இருக்கிறது" என்கிறவர்களின் வாட்ஸப்பில் ஃபிளாட் வாங்கியவர்களின் ஆதார், பான் நகல்கள் குவிந்து கிடக்கின்றன. கம்பிக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிறவர், கிராக் செய்த ஆட்டோகேடில் பிளான் போடுகிறார். டெண்டர் போடும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் ஆடிட்டர் மேசை டிராயரில், பின் நம்பரோடு. கம்பி சப்ளையரின் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டதாக மெயில் வந்தால், ஒரு போன்கூடப் போடாமல் பணம் போகிறது.

டெண்டர் விடுகிறவர்களையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த டெண்டர்களில் டர்ன்ஓவர் உண்டு, மிக்சர் கணக்கு உண்டு. பேக்கப் பற்றி ஒரு வரி இல்லை. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று 2022இலேயே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டாகிவிட்டது. ஒப்பந்ததாரர்களோ பில் நின்றுவிடும் என்று மூடி மறைக்கிறார்கள்.

இரண்டு கம்பெனிகளை ஒப்பிட வேண்டுமா? பேக்கப்பைக் கடைசியாக என்று திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரை என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் கட்டவும் கூப்பிட மாட்டேன்.